ஸ்பிரிங்வெளிப் பாதையில் சைக்கிளில் வந்த நாத்தனார்

பதுளையில் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தும் எனக்குக் கல்லாவில் உட்காரப் பொறுமை கிடையாது. அரைமணி நேரம் போனால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். போன மாதம் பிரதான வீதியில் திருத்த வேலை தொடங்கியதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்: தெமோதரை பஸ் அங்கே நின்றது, இங்கே நின்றது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு திங்கட்கிழமை காலை கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு சைக்கிளை எடுத்தேன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகள் வழியாகவே தெமோதரைக்குப் போய்விடலாம் என்பது திட்டம்.

ஏழரைக்குப் புறப்பட்டேன். டவுனைத் தாண்டியதும் ஏற்றம்தான், முழங்கால் கெஞ்சும். வழியில் ஒரு சின்னக் கடையில் இரண்டு ரொட்டி, சம்பல், பிளேன்டீ, எல்லாம் இருநூறு ரூபாய். அந்தக் கடைக்காரர்தான் மேலேயும் கொங்கிரீட் போடுகிறார்கள் என்று சொன்னார். ஒழுங்காகக் கேட்டிருக்கலாம். எனக்கு எங்கே பொறுமை!

எட்டாவது கிலோமீற்றரில் பாதை மூடிக் கிடந்தது. சிவப்புக் கொடியோடு ஒருவர், அவர் முன்னால் ஓர் ஆட்டோ, ஆட்டோவுக்கு வெளியே பட்டுச்சேலையில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"ஒம்பது மணிக்கு மூடியாச்சுங்க. இனி பதினொன்றரைக்குத்தான் தொறப்போம். சைக்கிள்னா ஓரமா தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார் கொடிக்காரர்.

அந்தப் பெண் என் சைக்கிளின் பின் கேரியரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, என்னையும் ஏத்திக்கிறியா? என் தம்பிக்குக் கல்யாணம். பத்தே காலோட நல்ல நேரம் முடிஞ்சிரும்."

புவனா அக்கா என்று பெயர். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் போட வேண்டியவர் இவர்தான், மாப்பிள்ளையின் ஒரே அக்கா. மற்றவர்கள் ஏழு மணிக்கே வேனில் போய்விட்டார்கள். இவர் மட்டும் பின்தங்கியதற்குக் காரணம் தையல்காரர். ஜாக்கெட் கைக்கு வந்தபோது ஏழே முக்கால்.

"அப்பவே கெளம்பியிருக்கலாமே அக்கா?"

"ராகுகாலம் தங்கச்சி! திங்கக்கெழம ஏழரை ஒம்பது. நல்ல காரியத்துக்கு அதுலயா வாசப்படி எறங்குறது?"

ராகுகாலம் முடிகிறவரை சேலை கசங்காமல் நின்றுகொண்டே இருந்தாராம். ராகுகாலம் முடிந்த அதே நிமிடத்தில் இங்கே பாதையை மூடியிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கல்யாணம் நடக்கிற கோயிலுக்கு இன்னும் நான்கு கிலோமீற்றர். ஈரக் கொங்கிரீட்டின் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளினேன். அடுத்த ஒரு கிலோமீற்றர் ஏற்றம். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி என்னை முந்தி நடந்தார். போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.

ஏற்றம் முடிகிற இடத்தில் இன்னொரு தடை. மண்மேட்டை வெட்டிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரத்தின் சாரதி கையைக் காட்டி நிறுத்தினார். "மேல மண்ணு லேசா அசையுதுங்க. அது சரிஞ்சு எறங்கினதும் போகலாம்." அவ்வளவு அவசரத்திலும் புவனா அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மீரியபெத்தையில் மண் சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்துபோன பிறகு இந்தப் பக்கத்தில் மண் அசைகிறது என்றால் யாரும் வாய்கொடுப்பதில்லை. இருபது நிமிடம் நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. யாருடைய கல்யாணமோ, அழுகை எனக்கு வந்தது.

வழி விட்டபோது பத்து மணி தாண்டிப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு இறக்கமும் சமதரையும்தான். அவர் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கை நம்பி, கற்களை நம்பாமல் ஓட்டினேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கூவினார்கள்.

லயத்துக்குக் கீழேதான் கோயில். மேளச் சத்தம் இல்லை. அவருடைய பிடி தளர்ந்தது. "முடிஞ்சிருச்சு" என்றார்.

முடியவில்லை. மணவறையில் பெண் குனிந்த தலையோடு இருந்தாள், கழுத்தில் தாலி இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் ரகசியமாகச் சொன்னார்: "வேற ஆளு முடிச்சுப் போடட்டும்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். மதினி வராம கழுத்த நீட்ட மாட்டேன்னு பொண்ணு சொல்லிருச்சு."

ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "நல்ல நேரம் போயிருச்சு. இப்ப எமகண்டம் தொடங்கப்போகுது. இனிமே பன்னெண்டுக்குப் பெறகுதான்."

எல்லோரும் புவனா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசற்படி இறங்க நேரம் பார்த்தவர் அல்லவா, இவரும் பன்னிரண்டு என்றே சொல்வார் என்று நினைத்தேன். அவர் பெண்ணைப் பார்த்தார்.

"புள்ள விடியக்காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம ஒக்காந்திருக்கு. எனக்காக. கட்டுடா தம்பி. வர்றத நான் பாத்துக்கிறேன்."

மேளம் கொட்டியது. தம்பி ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டையும் அக்கா போட்டார்.

நான் தெமோதரைக்குப் போகவில்லை, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் மலைச் சைக்கிள் கொண்டுபோங்கள், மெல்லிய டயர் தாங்காது. தடை நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது, முதல் நாளே விசாரியுங்கள். வெட்டிய மேட்டுக்குக் கீழே எந்த அவசரத்திலும் நிற்காதீர்கள். மழை நாளில் போகவே வேண்டாம்.

போன வாரம் புவனா அக்கா கடைக்கு வந்தார். புது ஜோடி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"சந்தோசமா இருக்குதுங்க. நேரத்தப் பத்தி அந்தப் புள்ள ஒரு வார்த்த பேசல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்குத்தான் தூக்கம் போயிருது, தங்கச்சி."