அம்மண்ணியின் தமிழ்

போன மாதம் சாருமதி அம்மண்ணியின் பொதுவாழ்வைப் பாராட்டி மைசூரில் விழா எடுத்தார்கள். மேடை, மாலை, வழவழப்பான தாளில் ஒரு விழா மலர். மைக்செட்டுக்கு முதலில் என்னைத்தான் கேட்டார்கள், முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனாலும் மலரை வாங்கிப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. குதிரை மேல் அம்மண்ணி, சட்டசபைப் படிக்கட்டில் அம்மண்ணி, ஏர் பிடிக்கிற அம்மண்ணி. தமிழ் மக்களின் மனம் கவர்ந்தவர் என்று தனியாக ஒரு பக்கம். அதில், மேடையில் அவருடைய பேச்சைத் தமிழில் சொன்ன மீனாக்ஷியின் பெயரைத் தேடினேன். ஒரு படத்தில் அவளுடைய முழங்கையும் மைக்கைப் பிடித்த விரல்களும் மட்டும் இருந்தன, மீதியை வெட்டியிருந்தார்கள். மலர்க்காரர்கள் வெட்டியதை நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அரச குடும்பத்துப் பெண்களை அம்மண்ணி என்பார்கள். இவர் தசரா நடக்கிற பெரிய அரண்மனையைச் சேர்ந்தவர் இல்லை. பெட்டதகோட்டை என்று ஒரு சுண்டைக்காய் சமஸ்தானம், அதன் வாரிசு. ஆள ஊர் இல்லாமல் போய், சர்க்கார் கொடுத்த மானியமும் நின்ற பிறகு அவருடைய அப்பாவிடம் மிஞ்சியவை ஒரு மாளிகை, சில பந்தயக் குதிரைகள், மைசூரின் ஓரத்தில் அவை மேயக் கொஞ்சம் நிலம். அம்மண்ணி ஊட்டி கான்வென்டில் படித்தார். வடக்கே ஒரு ராஜ குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். இருபத்தாறு வயதில் புருஷன் கார் விபத்தில் போய்விட, இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தார். பூஜை அறையில் உட்கார்ந்துவிடுவார் என்று தம்பி நினைத்தார். அம்மண்ணி ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். எண்பத்தைந்தில் சுயேச்சையாக நின்று டெபாசிட்டை இழந்தார். அழவில்லை, மறுநாளே நன்றி சொல்ல ஜீப்பில் கிளம்பினார். எண்பத்தொன்பதில் ஒரு கட்சி கூப்பிட்டு டிக்கெட் கொடுத்தது.

இதெல்லாம் உண்மை. தைரியமான பொம்பளைதான், அதை நான் மறுக்கவில்லை.

மீனாக்ஷி கொள்ளேகாலில் பிறந்தவள். அப்பா பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்தாள். இராமச்சந்திரன் என்ற கொத்தனாரைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். அவர்கள் குடியிருந்த இடத்துக்குக் குதிரைமாளம் என்று பெயர். மாளம் என்றால் மேய்ச்சல் நிலம். பெட்டதகோட்டைக் குதிரைகள் மேய்ந்த இடம் அது. குதிரைகளை விற்ற பிறகு, மாளிகையில் வேலை செய்ய வந்த தமிழ்க் கட்டட ஆட்களை அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று அம்மண்ணியின் அப்பா வாயால் சொல்லியிருந்தார். ஒவ்வொருவராக வந்து நூறு வீட்டுக்கு மேல் ஆகிவிட்டது. மீனாக்ஷி அங்கே பால்வாடி டீச்சர். இரண்டு பாஷையும் சுத்தமாகத் தெரிந்தவள் அந்த மாளத்திலேயே அவள் ஒருத்திதான்.

எண்பத்தொன்பது தேர்தலில் மாளத்துக்குத் தமிழ்ப் பேச்சாளர் ஒருவரைப் பெங்களூரில் இருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். மண்டியாவில் காபி குடிக்க இறங்கிப் பஸ்ஸை விட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. காபிதானா என்று நான் விசாரிக்கவில்லை. அம்மண்ணி கன்னடத்தில் பேசப் பேசக் கூட்டம் கொட்டாவி விட்டது. பெண்கள் சேர்ந்து மீனாக்ஷியை மேடைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். டவுனில் மைக்செட் கடை வைத்திருந்த நான்தான் மைக்கை அவள் கையில் கொடுத்தேன். கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்தாள், அது கிறீச்சிட்டது. பிறகு அம்மண்ணி பேசியதைத் தமிழில் சொன்னாள்.

அவளிடம் ஒரு குணம். அம்மண்ணி சொன்னதில் ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். அம்மண்ணி சிரிப்பு வராத ஜோக் சொன்னால் அதையும் சிரிப்பு வராதபடியே சொல்வாள். அம்மண்ணி ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்பாள். கட்சிக்காரர்கள் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்லும்மா என்று நச்சரித்தார்கள். என்னிடம் வந்து கேட்டாள்.

“அவங்க சொல்லாதத நான் எப்படீங்ணா சொல்றது?”

அந்த முதல் கூட்டம் முடிந்ததும் மாளத்துப் பெண்களுக்கு ஓர் ஆசை வந்தது. இந்தப் பக்கம் பிறந்த வீட்டுக்கு வந்து போகிற மகளுக்கு மடி நிரப்பி அனுப்புவார்கள். அரிசி, தேங்காய், வெற்றிலை, வளையல், ரவிக்கைத் துணி எல்லாம் முந்தானையில் போடுவார்கள். வாங்கியவள் அதிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து, இந்த வீடு நிறைந்திருக்கட்டும் என்று திருப்பிப் போட வேண்டும். கன்னடக்காரர்களிடம் பார்த்து எங்கள் ஆட்களும் செய்வதுதான். ஆனால் அம்மண்ணி புருஷனை இழந்தவர். அப்படிப்பட்டவளுக்கு யாரும் மடி நிரப்புவதில்லை. பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். பாப்பாயி என்று ஒரு மூத்தவள், சித்தாள் வேலை செய்கிறவள், மீனாக்ஷியைப் பார்த்தாள்.

“மகளுக்குத்தான அக்கா மடி நெறைக்கறோம். அதுல புருசன் கணக்கு எதுக்கு?” என்றாள் மீனாக்ஷி.

பாப்பாயி போட்டாள். அம்மண்ணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். புருஷன் போனதில் இருந்து அவருக்கு யாரும் இதைச் செய்ததில்லை. அந்த அழுகை நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. ஒரு பிடி அரிசியை முறத்தில் திருப்பிப் போட்டுவிட்டு மைக்கில் கன்னடத்தில் சொன்னார். மீனாக்ஷி தமிழில் சொன்னாள்.

“இது எனக்குப் பொறந்த வீடு. எங்கப்பா உங்கள இருக்கச் சொன்ன எடம். நான் இருக்கற வரைக்கும் இங்க ஒரு கல்ல யாரும் அசைக்க முடியாது.”

அம்மண்ணி தலையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் தெரியும். ஊட்டி ஹாஸ்டலில் அவரைக் குளிப்பாட்டி வளர்த்த ஆயா தமிழ்க்காரி. டிரைவரைத் திட்டும்போது எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார், என் காதாலேயே கேட்டிருக்கிறேன். மேடையில் மட்டும் பேசமாட்டார்.

மாளத்து ஓட்டு அப்படியே விழுந்தது. அம்மண்ணி ஜெயித்தார். பிறகு தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம். தமிழ் பேசவே பயந்து வீட்டுக்குள் கிடந்தோம். அம்மண்ணி காரை மாளத்தின் வாசலில் குறுக்கே நிறுத்தி, காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். மாளத்தில் ஒரு கீற்றுக்கூடக் கருகவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் பாப்பாயி அடிக்கப் போவாள்.

தொண்ணூற்று நான்கு தேர்தலில் மீனாக்ஷி கட்சிக்கே வேண்டியவளாகிவிட்டாள். கொள்ளேகால், ஹனூர், கோபிநத்தம் என்று தமிழ் கேட்கும் ஊருக்கெல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நானும் ஒலிபெருக்கியோடு பின்னால் போனேன். இராமச்சந்திரன் தானே சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, என் பொண்டாட்டி சட்டசபைக்குப் போயிட்டா என்று கேலி செய்வான். அவளுக்குக் கிடைத்தது தசராவுக்கு ஒரு சேலை. இன்னொன்றும் உண்டு. பெரிய மனிதர்கள் வந்தால் அம்மண்ணி அவள் தோளில் கை போட்டு, “இவளே நன்ன தமிழு” என்பார். இவள்தான் என் தமிழ் என்று அர்த்தம். மீனாக்ஷிக்கு முகம் சிவந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்காகவே உழைத்தாள் பைத்தியக்காரி.

அம்மண்ணி மந்திரியானார். தொண்ணூற்றாறில் மாளத்தில் சங்கிலி பிடித்து அளக்க ஆட்கள் வந்தார்கள். அம்மண்ணியின் தம்பி நிலத்தை ஒரு ஓட்டல் கம்பெனிக்குக் கொடுக்கிறார் என்று பேச்சு அடிபட்டது. பேசியவர்களை மீனாக்ஷி சண்டைக்கு இழுத்தாள். நம்ம கையால மடி வாங்கினவங்க, அவங்க எப்படிச் செய்வாங்க என்று கேட்டாள். மாளிகைக்கும் போய் வந்தாள். அம்மண்ணி பெங்களூரில் இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். கார் உள்ளேதான் நின்றது என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, வேறு காராக இருக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் டிரைவர் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மண்ணி வருகிறார், எல்லாரையும் கூட்டி வை என்றான். மீனாக்ஷிக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டா கொடுக்கத்தான் வருகிறார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். வீடு வீடாகப் போய், நல்ல துணி உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டாள். பெண்கள் தெரு முழுக்கக் கோலம் போட்டார்கள். நான் வாடகை வாங்காமல் மைக் கட்டினேன்.

அம்மண்ணி வந்தார். முன்னால் இரண்டு போலீஸ் ஜீப் வந்தது. எப்போதும் மீனாக்ஷியின் கன்னத்தைத் தட்டுகிறவர் அன்றைக்குத் தட்டவில்லை. கன்னடத்தில் ஆரம்பித்தார். உங்கள் அன்பை மறக்கமாட்டேன் என்றார். மீனாக்ஷி சொன்னாள். இது என் தம்பியின் பாகம், அவர் தீர்மானித்துவிட்டார், என்னால் தடுக்க முடியாது என்றார். மீனாக்ஷியின் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் சொன்னாள். மாத முடிவுக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றார். அதையும் சொன்னாள். கூட்டத்தில் இருந்து பாப்பாயியின் புருஷன் கரியப்பன் எழுந்தான். ஒரு கல்லை அசைக்க விடமாட்டேன் என்று இதே இடத்தில் சொன்னீர்களே என்று கேட்டான். கேட்டது தமிழில். மீனாக்ஷி கன்னடத்துக்கு மாற்றுவதற்கு முன்பே அம்மண்ணி பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பதிலைக் கேட்டு மீனாக்ஷி நின்றுவிட்டாள். அம்மண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அம்மண்ணி அவளைப் பார்க்காமல், “ஹேளு” என்றார். சொல்லு என்று உத்தரவு.

நான் மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயரில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்குக் கன்னடம் தெரியும், அம்மண்ணி சொன்னது புரிந்துவிட்டது. இவள் பொய் சொல்கிறாள் என்று சொல்லு மீனாக்ஷி, உனக்கு வாய்த்த நேரம் இது, சத்தத்தை முழுக்கத் திருப்பி வைக்கிறேன், நஞ்சன்கூடு வரைக்கும் கேட்கட்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவளால் எதையும் சொல்லியிருக்க முடியும். மேடையில் இருந்து இறங்கிப் போயிருக்கவும் முடியும்.

அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“அப்படி நான் சொல்லவே இல்ல. எனக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ல சொன்னவ என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. அவ உங்கள ஏமாத்தியிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.”

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அம்மண்ணி கும்பிட்டார், காரில் ஏறினார், போய்விட்டார்.

நான் மேடையில் தாவி ஏறி மைக்கைப் பிடித்தேன். அம்மண்ணி சொன்னார், அன்றைக்குக் கன்னடத்தில் அதே வார்த்தையைச் சொன்னார், நான் கேட்டேன், அவருக்குத் தமிழும் தெரியும் என்று கத்தினேன். கரியப்பன் கையை வீசினான். நீங்களும் அந்த அம்மா மேடையில பொழச்சவருதான, உடுங்க என்றான். மீனாக்ஷி எப்போதும் சரியாகத்தான் சொல்வாள் என்று மாளத்துக்கே தெரியும். அதனால் அவள் தன்னைப் பற்றிச் சொன்னதையும் நம்பிவிட்டார்கள். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

கூட்டம் கலைந்தது. பாப்பாயி மட்டும் மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். அவளாவது கேட்பாள் என்று மீனாக்ஷி இறங்கி ஓடினாள்.

“அக்கா, அன்னைக்கும் அவங்க சொன்னதத்தான் சொன்னேன். இன்னைக்கும் அவங்க சொன்னதத்தான் சொன்னேன்.”

பாப்பாயி கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

“அந்தம்மா பேசுனது எங்களுக்கு என்னைக்குப் புரிஞ்சுது, புள்ள? இருங்கன்னு சொன்னதும் உன்ற வாயி. போங்கன்னு சொன்னதும் உன்ற வாயி.”

மாத முடிவு வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. தகரத்தையும் மூங்கிலையும் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். மீனாக்ஷியும் இராமச்சந்திரனும் தங்கள் வீட்டைத் தாங்களே பிரித்தார்கள், ஒரு கை கொடுக்க ஆள் வரவில்லை. பால்வாடிக் குழந்தைகள் லாரி மேல் இருந்து டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டன, தாய்மார்கள் அவற்றின் தலையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். மாளத்து ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போனார்கள். எந்த இடம் என்று மீனாக்ஷியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.