வேட்டைக்கு ஏழு கிலோ

என் மகளைக் கட்டப்போகும் பிரெஞ்சுப் பையனின் தகப்பன் வேட்டைக்காரர். ஓர்லெயோனுக்கு அப்பால் உள்ள ஒரு காட்டில், குளிர்கால ஞாயிறுகளில், நண்பர்களோடு சேர்ந்து பன்றி சுடுவார். போன மாரியில் என்னையும் ஒருநாள் வரும்படி மகளிடம் சொல்லியனுப்பினார். துவக்கு வேண்டாம், தனக்குப் பக்கத்தில் சும்மா இருந்தால் போதும், பாரமில்லாத சின்னப் பை ஒன்று மட்டும் கொண்டுவரட்டும் என்றாராம்.

நான் மறுக்கத்தான் வாயெடுத்தேன். ரயிலில் தெரிந்த முகம் எதிரே வந்து உட்கார்ந்தால், என்ன கதைப்பது என்று தெரியாமல் நித்திரை கொள்வதுபோல் நடிக்கிற ஆள் நான். பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருந்து, நகரத்துக்குள் லா ஷப்பலுக்கு வேலைக்குப் போகிற வழியில் பாதி கண்ணை மூடியபடிதான் கழியும். ஆனால் மனைவி முந்திக்கொண்டாள்.

“இதை விட்டால் வேறை நேரம் வராது. தாலி கட்டுற விஷயத்தை அங்கை வைச்சுக் கேட்டுப்போட்டு வாங்கோ.”

“நீரே கேளுமன்.”

“என்னையோ வேட்டைக்குக் கூப்பிட்டவை?”

விஷயம் இதுதான். நகரசபையில் பதிவு செய்வதோடு, கோயிலில் மணவறை வைத்துத் தாலியும் கட்டவேண்டும் என்பது மனைவியின் ஆசை. பையனுக்குச் சம்மதம். ஆனால் மாப்பிள்ளையின் தாய் தகப்பனும் மணவறைக்கு வரவேண்டும். இந்த மனிதரோ இளவயதிலேயே தேவாலயத்தை விட்டவர். சொந்தத் தம்பியின் கல்யாணத்திலேயே, பூசை முடியும்வரை வெளியே நின்று சிகரெட் பிடித்தவராம். “என்னால் அவரைக் கேட்க முடியாது, நீங்கள் கேளுங்கள்” என்று பையன் கையை விரித்துவிட்டான். அவர் மாட்டேன் என்றால் மணவறை இல்லை.

அந்தக் கேள்வியை நினைக்கவே நான் விரும்பவில்லை. அதனால் பையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினேன். அது சுகமான கவலை.

முதலில் லா ஷப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் விற்கும் தெரிந்த கடைக்குப் போனேன்.

“வாங்கோ அண்ணை. ஊருக்கோ? எத்தினை கிலோ விடுறாங்கள்?”

“ஊருக்கில்லை. வேட்டைக்கு.”

“எந்தக் கோயிலிலை வேட்டைத் திருவிழா?”

“காட்டிலை. பண்டி சுடுறதுக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களைக் கண்டால் பண்டி நிண்டு சுகம் விசாரிச்சுப்போட்டெல்லோ போகும்” என்றார். கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் பை ஒன்றும் வாங்காமல், தேவையே இல்லாத ஒரு பூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு மகள் சொன்ன, மலையேற்றத்துக்கும் விளையாட்டுக்கும் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே பைகளை லீற்றரில் அளக்கிறார்கள். பலசரக்குக் கடைப் பின்னறையில் அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் பெட்டியும் தூக்கியே முதுகு வளைந்தவன் நான். எனக்குப் பை என்றால் கிலோதான், லீற்றர் என்றால் மண்ணெண்ணெய். வேட்டைக்கு என்றதும் கடைக்காரப் பெண் ஒரு பழுப்புத் துணிப் பையை எடுத்துக் காட்டி, “இது கொஞ்சம் பாரம், ஆனால் சத்தம் போடாது” என்றாள். சத்தம் போடுகிற பையை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. விளக்கம் கேட்க வெட்கமாக இருந்தது. ஆகப் பாரம் குறைந்ததாக, வெங்காயச் சருகுபோல இருந்த ஒரு பச்சைப் பையை எடுத்துக்கொண்டு காசாளரிடம் ஓடினேன்.

சனிக்கிழமை பை அடுக்கினோம். தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு சாண்ட்விச், அவ்வளவுதான் என்று மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். மனைவி அதைக் கேட்டுவிட்டு, “சம்மந்தியிட்டை வெறுங்கையோடை போறதோ?” என்றாள். மட்டன் றோல்ஸ் வந்தது. தட்டை வடை வந்தது. சம்பந்தியம்மாவுக்குப் பயித்தம் பணியாரம் வந்தது. எனக்குத் தேத்தண்ணிப் போத்தல், தைலம், மாற்றுக் காலுறை, தொண்டைக்குக் கற்கண்டு, ஒரு குடை.

எங்கள் ஆட்கள் பை அடுக்குவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுவதும் விமான நிலையத்துக்கானது. எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று நாங்கள் யோசிப்பதே இல்லை, எதை இன்னும் திணிக்கலாம் என்றுதான் யோசிப்போம். எண்ணெய் ஊறக்கூடாது என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி முடிச்சுப் போட்டோம். கடைசியில் மனைவி தொங்குதராசில் பையைக் கொழுவித் தூக்கினாள்.

“ஏழு கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்றாள். கைப்பைக்கு விமானத்தில் விடுகிற நிறை அது. காட்டு வாசலில் யாரும் நிறுக்கப்போவதில்லை என்பது இருவருக்குமே தோன்றவில்லை. மிச்ச இடத்துக்கு வாழைப்பழம் வைத்தேன்.

ஞாயிறு காலை சம்பந்தி காரில் வந்து என்னை ஏற்றினார். என் பையை ஒரு கையால் தூக்கப் பார்த்து, பிறகு இரண்டு கையும் கொடுத்தார். “எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள்?” என்று கேட்டார். நான் சிரித்தேன். பதிலுக்குச் சிரிப்பது எனக்கு நன்றாக வரும், இந்த நாட்டில் பாதிக் காலத்தை அப்படித்தான் ஓட்டினேன்.

காட்டில் எனக்கு ஒரு செம்மஞ்சள் மேலங்கி தந்தார்கள். நாய்களோடு சிலர் ஒருபக்கமாகப் போனார்கள், அவர்கள் பன்றியைக் கலைத்துக்கொண்டு வருவார்களாம். மற்றவர்கள் பாதையோரமாக ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். அவர் ஒரு ஓக் மரத்தடியில் மடக்குக் கதிரை விரித்து என்னை இருத்திவிட்டு, விரலை உதட்டில் வைத்தார். “வேட்டை முடிந்து கொம்பு ஊதும்வரை ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.”

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லமுடியாது. பேசாமல் இருப்பதே சட்டமாக உள்ள ஒரு இடம் பிரான்சில் இருக்கிறது என்று இத்தனை வருடமாக யாரும் சொல்லவில்லையே! கேள்வியை நான் மறக்கவில்லை. மகளிடம் திருத்தி வாங்கிய அந்தப் பிரெஞ்சு வசனம் நாக்கின் அடியில்தான் இருந்தது. ஆனால் சட்டம் இருக்கிறதே, நான் என்ன செய்ய? மனைவிக்குச் சொல்லக் காரணமும் கிடைத்துவிட்டது.

தூரத்தில் நாய்கள் குரைத்தன. அவர் துவக்கைப் பிடித்தபடி சிலைபோல நின்றார். எதிர்ப் பற்றைக்குள் ஏதோ அசைந்தது. கறுத்த மூக்கு ஒன்று வெளியே வந்தது. அப்போது பார்த்து எனக்குத் தொண்டை அரித்தது.

இருமினால் பன்றி ஓடிவிடும். மூச்சை அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கற்கண்டு ஞாபகம் வந்தது. மெதுவாகக் குனிந்து பையின் வாயைத் திறந்தேன். பை சரசரத்தது. உள்ளே கைவிட்டேன், பிளாஸ்டிக் பைகள் எல்லாம் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கின. கற்கண்டுப் பையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தால், உள்ளே இன்னொரு பை. அதற்கும் ஒரு முடிச்சு. அந்த அமைதியில் அது பட்டாசுக்கட்டு வெடிப்பதுபோலக் கேட்டது. பன்றி தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு வந்த வழியே போய்விட்டது. நான் அதற்குப் பின்னால் நன்றாக இருமினேன்.

சம்பந்தி துவக்கை உயர்த்தவே இல்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கல்யாணமே நின்றுவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கொம்புச் சத்தம் கேட்டது. அவர் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார்.

“சரி, இனிப் பேசலாம். உள்ளே என்னதான் இருக்கிறது?”

ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். குடையைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை வடையைக் கடித்துவிட்டு, “அந்த நேரத்தில் இதைக் கடித்திருந்தால், சத்தத்துக்குப் பக்கத்துக் காட்டில் உள்ள பன்றியும் ஓடியிருக்கும்” என்றார். பிறகு றோல்ஸ் எடுத்தார், இன்னொன்றும் எடுத்தார். இப்போது எந்தச் சட்டமும் என்னைக் காப்பாற்றவில்லை.

நாக்கின் அடியில் வைத்திருந்த வசனத்தைக் காணவில்லை. கடையில் பெட்டி இறக்குகிற பிரெஞ்சுதான் வந்தது. “நீங்கள், கோயில், வாருங்கள். கல்யாணம். என் மனைவிக்கு ஆசை. எனக்கும்.” கடைசிச் சொல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கைவிரலில் இருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்தார்.

“எனக்கு நம்பிக்கை இல்லை. நம்புகிறேன் என்று சொல்லவேண்டுமா?”

“இல்லை.”

“வேறென்ன செய்யவேண்டும்?”

“இருக்கவேண்டும். ஐயர் தருவதைப் பிடிக்கவேண்டும். எழும்பச் சொன்னால் எழும்பவேண்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணித்தியாலம்” என்று பொய் சொல்ல நினைத்தேன். “நீளம்” என்றேன்.

அவர் காட்டைப் பார்த்தார். “இங்கேயும் ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தானே செய்கிறேன். சொன்ன இடத்தில் இருக்கிறேன், கொம்பு ஊதினால் எழும்புகிறேன்” என்றார். பிறகு, “வருகிறேன். முழங்கால் மடங்காது, கதிரை வேண்டும்” என்றார்.

கதிரை தருகிறேன், மெத்தை போட்டும் தருகிறேன் என்றேன். ஐயரைக் கேட்காமல் மந்திரத்தையும் பாதியாக்கிக் கொடுத்தேன். கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“கேட்டனீங்களோ?”

“கேட்டனான். ஓமாம்.”

“நீங்கள் கேட்டனீங்களோ? பொய் சொல்லாதேங்கோ. அவரிட்டைக் குடுங்கோ போனை.”

கொடுத்தேன். அவள் தன் பிரெஞ்சில் உரத்துப் பேச, அவர் அதைவிட உரத்து “வீ மதாம், வீ மதாம்” என்று எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். கோயிலில் செருப்பைக் கழற்றுவது பற்றியும் சாமியைப் பற்றியும் ஏதோ அடிபட்டது. நான் காரில் சாய்ந்து நின்று வாழைப்பழத்தை உரித்தேன். அவர்கள் முடித்தபோது நான் மூன்றாவது பழத்தில் இருந்தேன்.