ஆயுளைப் பேரம் பேசும் அக்கா

கேள்வியைக் கேட்டு முடித்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் அக்கா. வெளியே விட்டால் கை சும்மா இருக்காது. 'ஐயோ பாவம்' என்று ஏதாவது ஜாடை காட்டிவிடும், எதிரே இருப்பவர் பதிலை மாற்றிவிடுவார். முகத்தை மட்டும் பதினோரு வருடத்தில் ஒருவழியாகப் பழக்கி வைத்திருக்கிறார்.

எந்த உபாதையை ஜனங்கள் எவ்வளவு பெரிய துன்பமாக நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் அவர் வேலை. எந்தச் சிகிச்சையை முதலில் கவனிப்பது என்று சுகாதாரத் துறை முடிவு செய்ய அது உதவுமாம். பையில் ஒரு பலகையும், ஆளுக்கொரு நோயை எழுதிய அட்டைகளும். பலகையில் இரண்டு வரிசை. கீழ்வரிசையில், அட்டையில் எழுதியிருக்கும் நோயோடு பத்து வருடம். மேல்வரிசையில், நோய்நொடி இல்லாமல், ஆனால் அதைவிடக் குறைந்த வருடம். "ஒன்பதுன்னா எதை எடுத்துக்குவீங்க? சரி, எட்டுன்னா?" என்று மேலே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவார். இரண்டும் ஒன்றுதான் என்று ஆள் தடுமாறும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்வார். அடுக்குமாடிகளில் அவருக்குப் 'பேரம் அக்கா' என்றே பேர்.

ஒரு முடிதிருத்துபவர் எந்த வலிக்கும் ஒரே ஒரு நாளைக்கூட விட்டுத்தர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். தூக்கமே வராத நிலைக்கு ஏழு வருடத்தை அள்ளிக் கொடுத்த ஓர் அம்மாள், "அதை எங்க வீட்டுக்காரர் கணக்குல கழிச்சுக்கலாமா?" என்று கேட்டார். அக்கா அசையவில்லை. "சரி, தப்புன்னு எதுவும் கிடையாதுங்க. நீங்க சொல்றதுதான் பதில்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வலது முட்டி. ஆப்பரேஷன் செய்து மூன்று மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு நாலாக மடிந்து, பலகைக்குப் பின்னால் ரப்பர் பேண்டில் கிடக்கிறது. ஊரார் வலியையெல்லாம் விசாரிக்கிறவரை யாராவது விசாரித்தால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பார். மூன்று மாதம் படுத்தால் தன் தெருக்களுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று உள்ளுக்குள் உதறல்.

அவர் கணவர் தையல்காரர். புது அட்டை வரும்போதெல்லாம் அக்கா ஒத்திகை பார்ப்பது அவரிடம்தான் என்பதால் மனிதருக்குக் கேள்விகள் தலைகீழ்ப் பாடம். போன ஞாயிற்றுக்கிழமை அவரே பலகையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். துணி வெட்டும் காகிதத்தில் தானே எழுதிய அட்டையை வாசித்தார்: "வலது முட்டி. படி ஏறினா உயிர் போகும். கீழ உட்கார்ந்தா எழுந்திருக்க ஆள் வேணும்."

"விளையாடாதீங்க" என்று அக்கா சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, என்றுமில்லாத மரியாதையோடு, "ஒன்பதுன்னா எதை எடுத்துக்குவீங்க?" என்றார்.

ஒன்பதுக்கு அக்கா யோசிக்கவே இல்லை. எட்டையும் எடுத்துக்கொண்டார். ஏழுக்குக் கொஞ்சம் தயங்கினார். ஆறில் நின்றுவிட்டார். எத்தனையோ பேர் நின்றதைப் பார்த்தவருக்கு, தானே நின்றது திக்கென்றது.

"அப்போ நாலு வருஷம் விட்டுத் தர்றீங்க. எழுதிக்கலாமா?"

அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருஷத்தைத் தூக்கிக் குடுக்கறேன்" என்றார் மெல்ல. "டாக்டர் கேட்டது மூணே மாசம்."

 எதிரே இருப்பவர் சரி என்று சொல்லும் வரை கையை வெளியே எடுக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம், அதனால் கணவர் கையை எடுக்கவில்லை. அக்காவே பேனாவை எடுத்து ஆறு என்று குறித்தார். பிறகு பலகையைத் திருப்பி, ரப்பர் பேண்டைக் கழற்றி, டாக்டர் சீட்டை எடுத்துக் கணவரின் மடியில் வைத்து, மடிப்பு போகும்வரை உள்ளங்கையால் நீவினார்.