ஒரே ஓட்டையில் ஒரு முழு ஆபீஸ்

வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஐஸ்பெட்டி குளிரவில்லை என்று போன் செய்கிறவர்களிடம் "ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள்" என்று பணிவாகச் சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். அதைச் சொல்லும்போது என் வீட்டில் எதெது ஆஃப் ஆகிக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய தொழில்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? படுக்கையறை மேசைதான் ஆபீஸ், பிள்ளையின் அழுகைதான் பின்னணி இசை. நான் இருப்பது கெடா மாநிலத்து லூனாஸில், தாமான் என்கிற ஒரு குடியிருப்பில். கணவர், மாமனார், மாமியார், பத்து மாதத்து யாழினி. யாழினிக்கு முதல் காய்ச்சல் வந்தபோதே இழுப்பும் வந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, சிரிப்பார். என் கையில் அந்தச் சின்ன உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது எனக்கல்லவா தெரியும்! அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்துவைத்துத்தான் குளிக்கிறேன்.

கம்பெனியோ பினாங்கில். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டியபின் வீடு. எங்கள் சூப்பர்வைசர் பத்மினி மேடத்திடம் கெஞ்சி, சோதனை முறையில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். சோதனைக் காலத்தின் கடைசியில் ஒரு மதியம் முழுக்க மேடம் என் லைனில் உட்கார்ந்து கவனிப்பார். லைன் அறாமல் நின்றால் நான் வீட்டில். அறுந்தால் நான் பினாங்கில், யாழினி யார் கையிலோ.

கம்பெனியின் நிபந்தனை: இரண்டு திரை, வயர் வழியாக இன்டர்நெட், காதில் ஹெட்செட். கம்பெனி கொடுத்த லேப்டாப்போ ரொட்டித் துண்டு மாதிரி மெலிசு. அழகு கெட்டுவிடும் என்று ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள். ஹெட்செட்டுக்கு ஒன்று, பழைய தட்டை யூஎஸ்பி ஓட்டை ஒன்று, அப்புறம் சகலமும் போகும் வரும் டைப்-சி ஓட்டை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் ஒரு வயரை மாட்டி, மறுமுனையில் திரை, இன்டர்நெட், கரண்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பெட்டிக்குப் பெயர் டாக். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டு: சொன்னதைச் சொன்னபடி செய், யார் திட்டினாலும் 'சாரி' சொல். டாக் வாங்கக் கடைக்குப் போகிறவளுக்கு இந்த இரண்டும் ஆகவே ஆகாது.

பெட்டியில் போட்ட படம்

ஆபீஸில் இரண்டு பெரிய திரை இருந்ததால் வீட்டிலும் இரண்டு பெரிய திரை. கணவர் சுங்கை பட்டாணியில் யாரிடமோ பழசு வாங்கி வந்துவிட்டார். டாக்குக்கு நான் கூலிம் போனேன். கடைக்காரர் ஆ சூன் சீனர்தான். தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்பதால் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். உள்ளங்கை அளவில் ஒரு டாக்கை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் படம்: நடுவில் டாக், சுற்றிலும் திரை, கீபோர்டு, கேமரா, பிரிண்டர் என்று பத்துச் சாமான், எல்லாம் பளபளவென்று. "இரண்டு திரையும் வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "படத்துல பாரு தங்கச்சி, எல்லாம் போகும் லா" என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் இரண்டு திரையிலும் ஒரே படம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இதில் அசைந்தால் அதிலும் அசைகிறது. இன்டர்நெட் வயரைச் செருகியதும் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. மறுநாள் பெட்டியோடு போய் நின்றேன். வழக்கம்போல நான்தான் முதலில் சாரி சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, படத்துல பத்து மாட்டியிருக்கு, அது உண்மை. பத்தும் ஒரே நேரத்துல வேல செய்யுதுன்னு எங்க போட்டிருக்கு? காட்டு."

டிக்கெட்

இரண்டாவது டாக் கணவரின் ஆராய்ச்சி. தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர் என்பதால் வீட்டிலுள்ள மின்சாரச் சாமான்களுக்கெல்லாம் அவர்தான் பேராசிரியர். யாரோ ஒருவர் பெட்டியை உடைத்துப் பார்த்து வியக்கும் வீடியோக்களை ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆன்லைனில் வரவழைத்தார். நல்ல டாக்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கென்று ஒரு மென்பொருளைப் போட்டால்தான் திரை வரும். போடப் போனால் கம்பெனி லேப்டாப் 'நீ யார்?' என்று பாஸ்வர்டு கேட்கிறது.

ஐடி பிரிவு சங்கருக்குப் போன் செய்தேன். எதற்கும் டிக்கெட் போட வேண்டும், அதுதான் முறை என்றார். டிக்கெட் போடும் பக்கமோ கம்பெனி லேப்டாப்பில் வயர் இன்டர்நெட் இருந்தால்தான் திறக்கும். வயர் டாக்கில் இருக்கிறது. டாக் மென்பொருளுக்குக் காத்திருக்கிறது. மென்பொருள் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறது. இதை நான் மூச்சு விடாமல் விளக்கினேன். அந்தப் பக்கம் சங்கர் எதையோ மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது.

"புரியுதுக்கா. டிக்கெட் போட முடியலன்னா, போட முடியலன்னு ஒரு டிக்கெட் போட்டுருங்க லா."

இறால்

மூன்றாவது, செங்கல் மாதிரி கனமான டாக். தனக்கென்று சொந்தமாகக் கரண்ட் எடுத்துக்கொள்ளும். மாட்டியதும் இரண்டு திரையும் தனித்தனியாக விழித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் தானே கண்டுபிடித்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே குறை, கூட வந்த வயர் குட்டை. யாழினியின் தொட்டிலைப் பார்த்தபடி உட்கார முடியவில்லை. ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, கைப்பேசி சார்ஜரின் நீள வயரை மாட்டினேன். இரண்டு முனையும் அச்சு அசலாக அதே மாதிரிதானே இருக்கின்றன!

இருக்கின்றன. ஆனால் அந்த வயருக்குச் சார்ஜ் ஏற்றத் தெரியும், கொஞ்சம் இன்டர்நெட் தெரியும், படம் காட்டத் தெரியாது. அது எனக்குத் தெரிவதற்குள் கோத்தா கோலா மூடாவிலிருந்து ஓர் அம்மா லைனில் வந்துவிட்டார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய இறால் முழுக்க ஐஸ்பெட்டியில், அது காலையிலேயே நின்றுவிட்டது. என் முன்னால் இரண்டு கறுப்புத் திரை. லேப்டாப்பை மூடி அதன்மேல் பால் புட்டியை வைத்திருந்தேன். "மாடல் நம்பரைப் பார்க்கிறேன், ஒரு நிமிடம்" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். என்னைப் பார்த்து யாழினியும் தவழ்ந்து வந்தாள்.

"ஏம்மா, அப்ப புடிச்சு ஒரு நிமிஷம் ஒரு நிமிஷங்கற. எனக்கு நிமிஷம் புரியும், என் இறாலுக்குப் புரியாதும்மா, அது நாற ஆரம்பிச்சிருச்சு."

உறை

பழைய குட்டை வயரையே திரும்ப மாட்டி, தொட்டிலை நகர்த்திக்கொண்டேன். நிம்மதி ஒரு வாரம். பிறகு தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் திரைகள் மினுக்கி மினுக்கி அணைந்தன. கணவர் மறுபடி வீடியோ பார்க்கத் தொடங்கினார். வோல்டேஜ் என்றார், டிரைவர் என்றார், பினாங்கு சர்வர் என்றார். நான் ஒருநாள் மேசைக்கு அடியில் கையை விட்டு டாக்கைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது. தொட்டது டாக்கைக்கூட அல்ல, பூப்போட்ட துணியை. சுற்றிலும் சுருக்கம் வைத்து, வயர்கள் வெளியே வர அளவாகத் துளை விட்டு, அருமையான தையல்.

அத்தையின் கைவேலை. எங்கள் வீட்டில் டிவிக்கு உறை உண்டு, மிக்ஸிக்கு உண்டு, சமையல் காஸ் தோம்புக்கும் உண்டு. ரிமோட்டுக்கு வாங்கிய நாளின் பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கவில்லை. "அத்தை, அதுக்குக் காத்து வேணும்" என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில், பெற்ற பிள்ளைக்குச் சட்டை போடாதவளை நான் பார்த்தேன்.

"அவ்வளவு காசு கொடுத்து வாங்கினத அம்மணமா வச்சிருக்க. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

இடி

உறையைக் கழற்றினோம். அதற்கடுத்த வாரம் மழை தொடங்கியது. கெடாவில் மதிய இடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமா தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் இடியில் ஒரு டிவியைப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து வானம் லேசாக உறுமினாலே எழுந்துவிடுவார். பூசாரி சன்னதி சன்னதியாகப் போவது போல ஹாலில் டிவி, சமையலறையில் ஐஸ்பெட்டி, மாடத்தில் மோடம் என்று வரிசையாகப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே வந்து, என் அறையில் முடிப்பார். நான் ஒரு கஸ்டமரோடு பேசிக்கொண்டிருந்தபோதே மோடத்தை உருவி, வந்து செங்கல் டாக்கின் பிளக்கையும் உருவினார். இன்டர்நெட், கஸ்டமர், இரண்டு திரை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. லேப்டாப் மட்டும் உயிரோடு, என்னைப் போலவே ஒன்றுக்கும் உதவாமல் உட்கார்ந்திருந்தது.

"மாமா, மோடத்தையும் என் ரூமையும் மட்டும் விட்டுருங்க மாமா."

"காதுல வயர மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க. நியாயமா உன்னைத்தான் மொதல்ல கழட்டணும்."

சாரி மாமா என்றேன். இரண்டு நாளில் இதே போல் இன்னொரு முறை. பத்மினி மேடம் கைப்பேசியில் வந்தார். இடி, மாமா, பிளக் என்று குளறினேன். குழந்தை, இழுப்பு என்றும் சொல்ல நினைத்தேன். அதற்குள் 'சாரி மேடம்' முந்திக்கொண்டது.

"கவிதா, வானத்தோட நம்ம கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடையாது. உன்னோடதான் இருக்கு. வெள்ளிக்கிழம மதியம் நான் உட்காருவேன். அறுந்துச்சுன்னா திங்கக்கிழம பஸ் ஏறிடு."

மேடத்தின் மதியம்

வானத்தை மாற்ற முடியாது. மாமாவை அதைவிட முடியாது. மீதி இருந்தது சாமான்கள்தான். நிபந்தனையை மறுபடி படித்தேன். 'இரண்டு திரை' என்றுதான் இருக்கிறது. பெரிய திரை என்று யாரும் சொல்லவில்லை. பால் புட்டி வைக்கிறேனே அந்த லேப்டாப், அதற்கும் ஒரு திரை இருக்கிறதல்லவா! ஆபீஸில் இருந்ததை அப்படியே காப்பி அடித்த கான்வென்டுப் புத்தி. சுவரிலிருந்து சாப்பிடுவதெல்லாம் மாமா கையில் சாகும். லேப்டாப்பிலிருந்து சாப்பிடுவது பிழைக்கும். அவ்வளவுதானே கணக்கு. டாக்கே வேண்டாம் என்று விட்டேன். டைப்-சி ஓட்டையில், லேப்டாப்பின் பேட்டரியையே குடித்து எரியும் ஒரு மெல்லிய கையடக்கத் திரை; கரண்ட் இருக்கும்வரை சார்ஜர் அந்தத் திரையின் இன்னொரு ஓட்டை வழியாக. தட்டை ஓட்டையில் கைப்பேசியை வயரால் கட்டி, அதிலிருந்து இன்டர்நெட். மேடத்திடம் கேட்டேன், "வயர்தானே, சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே யாழினியின் நெற்றி சூடு. மருந்து கொடுத்து, ஹெட்செட்டுக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையின் மூலையில் மேடத்தின் பெயர், பச்சைப் புள்ளியோடு. மூன்று மணிக்குச் செம்பனை மரங்களுக்கு மேல் வானம் கறுத்தது. முதல் உறுமல். மாமா எழுந்தார். டிவி போனது, ஐஸ்பெட்டி போனது, மோடம் போனது. என் அறைக்குள் வந்து லேப்டாப் சார்ஜரை உருவினார், ஒன்றும் ஆகவில்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை. விடாமல் ஆட்டுகிற மோட்டார் தொட்டிலின் பிளக்கையும் உருவினார். யாழினி சிணுங்கினாள். நான் காலை நீட்டித் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அடுத்த அழைப்பை எடுத்தேன்.

சிடாம் கிரியிலிருந்து ஓர் அக்கா. "தண்ணியோட மெஷின் நிக்குதும்மா, இங்க இடி வேற, என்ன செய்யட்டும்?" அதற்குக் கம்பெனி எழுதிக்கொடுத்த பதில் என் முன்னாலேயே இருந்தது. கான்வென்டுக் குரலில் வாசித்தேன்: "இடி மின்னல் சமயத்தில் தயவுசெய்து பிளக்கைக் கழற்றிவிடவும்." கையில் பிளக்கோடு நின்ற மாமா நிமிர்ந்தார். "பாத்தியா, உன் கம்பெனியே சொல்லுது!" அதே நொடியில் வீடே அதிர ஓர் இடி. மேடத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி செத்தது. முடிந்தது, திங்கட்கிழமை பஸ் என்று நினைத்தேன். ஆனால் காதில் அந்த அக்கா "அப்புறம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று கடைசி வரை சொல்லி முடித்தேன். கால் மட்டும் தொட்டிலை விடவில்லை.

சாயங்காலம், யாழினியின் நெற்றி குளிர்ந்து அவள் என் மடியில் இருந்தபோது, மேடம் வேறு யாருடைய கைப்பேசியிலிருந்தோ கூப்பிட்டார். அவர் பட்டர்வொர்த்தில் தன் வீட்டிலிருந்து என்னைக் கவனித்தாராம்.

"நீ அறுந்துட்டேன்னு நினைச்சேன் கவிதா. பார்த்தா அறுந்தது நான். இங்க விழுந்த இடியில மோடம், டாக், ரெண்டு திரை, எல்லாம் கருகிப் போச்சு. ஆபீஸ்ல ரெக்கார்டிங்கப் போட்டுக் காட்டச் சொன்னேன், உன் லைன் கடைசி வரைக்கும் நிக்குது, பின்னாடி ஒரு பெரியவர் கம்பெனியே சொல்லுதுன்னு கத்தறார். நீ வீட்டுலயே இரு. அவர எனக்கு அனுப்பிவை."

ஆக, சக பாவிகளே, லேப்டாப்புக்குப் பொருத்தமாக ஒரு டாக் வாங்குவது எந்தக் கடையிலும் முடியும். மாமனாருக்குப் பொருத்தமாக வாங்குவதற்குத்தான் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும்.