பலா மரத்தில் தொங்கிய டப்பா

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. கத்தரிக்காய் தின்றால் அரிக்கிற மாதிரி ஏதோ என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைத்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு. ஒரு ரொட்டித் துணுக்கு உள்ளே போனாலும் அவள் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். வயிறு வலிக்கும், உப்பும், நாலு நாளைக்குச் சோர்ந்து கிடப்பாள். மஸ்கட்டில் டாக்டர் இதற்கு சீலியாக் என்று பேர் சொன்னபோது அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, கோதுமை வகையறாவை ஆயுசுக்கும் தொடக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம் என்றார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டது நான்.

பயப்படுவது எனக்குப் பிறவியிலேயே வந்த திறமை. கள்ளக்குறிச்சியில் இருந்தவரை அதைக் காட்ட வாய்ப்பில்லை. ஊரில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் பத்துப் பேர் வந்து பத்து யோசனை சொல்வார்கள், பயத்தையும் பங்கு போட்டுக்கொண்டு போவார்கள். மஸ்கட் ஃபிளாட்டில் நாங்கள் மூன்றே பேர். மனைவிக்குப் பயப்பட நேரமில்லை, மகளுக்கு அது பிடிக்காது. மொத்தமும் என் தலையில் விழுந்தது.

குறை வைக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பாக்கெட் படிக்கும் ஆளை நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான். அரபியில் எழுதியிருந்தால் வரிசையில் நிற்கும் ஓமானியைப் படிக்கச் சொல்வேன். பாவம், ஐஸ்கிரீம் வாங்க வந்தவர் என் மகளின் குடல் கதையைக் கேட்டுவிட்டு, ஐஸ்கிரீம் உருக வீட்டுக்குப் போவார். சோயா சாஸ், சாக்லேட், பற்பசை, எதையும் விடவில்லை. அரபி, இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் 'இந்தப் பெண்ணுக்குக் கோதுமை தராதீர்கள்' என்று அட்டை அடித்து, லேமினேட் செய்து அவள் கழுத்தில் மாட்டினேன். பள்ளிப் பேருந்தில் ஏறுவதற்குள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

கோயிலையும் விடவில்லை. நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. பூசை முடிந்ததும் ஃபாதரைத் தனியாகப் பிடித்து, "ஃபாதர், இதில் எவ்வளவு கோதுமை?" என்று விசாரித்தேன். அவர் ஆண்டவரின் திருவுடல் பற்றிச் சொன்னார். நான் மாவு பற்றிக் கேட்டேன். கடைசியில், இவளுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் என்று முடிவானது. ஆண்டவரிடமே சோதனை போட்ட குடும்பம் என்று எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பேர்.

இவ்வளவு செய்தும் அவள் வயிறு சரியாகவில்லை. பள்ளியில் நாலு நாள் நன்றாக இருப்பாள், வீட்டுச் சாம்பார், ரசம் சாப்பிடும் வார இறுதியில் சுருண்டு படுப்பாள். அப்போதுதான் என் வைத்தியம். வயிற்று வலி என்றால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம்? வெதுவெதுப்பான மோரில் ஒரு சிட்டிகை பெருங்காயம். எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே பதார்த்தம் அது. அதைக் கரைத்து எடுத்துப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடும்போது, டாக்டர்கள் எல்லாம் எதற்கு என்று தோன்றும்.

"எவிடயோ கோதம்பு கேறுது, சாரே," என்றார் மலையாளி டாக்டர். ரத்தப் பரிசோதனையில் இறங்க வேண்டிய எண் ஒன்றரை வருடமாக இறங்கவில்லை. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது, கண்டுபிடியுங்கள் என்றார். விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி எடுப்போம், அப்போதும் இறங்காவிட்டால் மீண்டும் வாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கவேண்டும் என்றார்.

அன்று இரவே நான் முடிவெடுத்தேன். ஊருக்குப் போய் அங்கே இவள் தேறினால், இவளும் அம்மாவும் அங்கேயே இருக்கட்டும். நான் மட்டும் திரும்பி வந்து வேலையைப் பார்க்கிறேன். மகளிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "என் ஃபிரண்ட்ஸ் இங்கதான்ப்பா இருக்காங்க," என்றாள். பிறகு, "நீயும் இங்கதான் இருப்ப," என்றாள். நான் ஏசி சத்தம் அதிகம் என்று எழுந்து போய் அதை நோண்டினேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கிய மூன்றாம் நாள் வெள்ளிமலைக்குப் புறப்பட்டோம். மனைவியின் அக்கா அங்கே பள்ளி ஆசிரியை, வாடகை வீட்டில் இருக்கிறார். வடக்கனந்தல் தாண்டிப் பேருந்து மலை ஏறத் தொடங்கியதும் மற்றவர்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். நான் மடியிலிருந்த பையை அணைத்துக்கொண்டேன். அதில் தனி அடுப்பு, தனி வாணலி, தனிச் சல்லடை, தனிக் கரண்டி, மருந்துகள், பெருங்காய டப்பா.

வீட்டுக்குள் பையைத் திறந்ததும் அக்கா மூக்கைப் பொத்தினார்.

"இன்னா தம்பி இது நாத்தம்?"

"பெருங்காயம்க்கா. அவசரத்துக்கு."

"எங்கப்பா மளிகைக் கடைல காய மூட்டைக்குப் பக்கத்துல படுத்து வளந்தவ நானு. இது பட்டாலே ஒத்தத் தலவலி வந்துரும். என் சமையல்ல இது கெடையவே கெடையாது. ஒன்னு இது வெளிய இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்."

மனைவி யோசிப்பது போல் பாவனை செய்தாள். "இவரையே வெச்சுக்கலாம்க்கா, பைய தூக்கத் தேவப்படுவாரு."

டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வாசலில் இருந்த பலா மரக் கிளையில் தொங்கவிட்டேன். என் மருந்துப் பெட்டி காய்களோடு காயாக ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மலைக்காரர்கள். சாமை, கேழ்வரகு போடுபவர்கள். சாமை அரிசி அவர்களிடம்தான் வாங்கவேண்டும். நான் நேரே போய் அந்த அம்மாளின் உரலை எட்டிப் பார்த்தேன்.

"இதுல சாமை தவிர வேற இன்னா குத்துவீங்க?"

"கம்பு குத்துவோம். உங்களுக்கு இன்னா சார் வோணும்?"

"கோதுமை ஏதாவது?"

"கோதுமயா? அத்த ரேஷன் கடைல பாத்ததோட சரி."

உரலை ஒரு சுற்று சுற்றி வந்து உள்ளே விரலை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் வேலிக்கு மேலாக அக்காவைக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, உங்க தங்கச்சி வூட்டுக்காரரு பொண்ணு பாக்க வந்தவராட்டம் உரல சுத்திக்கினு வர்றாரு. புடிச்சிருந்தா தூக்கிக்கினு போவச் சொல்லுங்க."

சாமைச் சோறு, கீரை, மொச்சைக் குழம்பு, மோர். முதல் இரண்டு நாள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை அவிழ்க்கப் போனேன், அக்கா கதவிலேயே நின்றார். மூன்றாம் நாள் வலி இல்லை. நாலாம் நாள் இரண்டாவது முறை சோறு கேட்டாள். ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கொய்யா மரத்தில் ஏறிவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதைகூடத் தெரிந்தது.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். தண்ணீர்தான் காரணம். இல்லை, காற்று. இல்லை, தண்ணீரும் காற்றும். கேன்களில் மலைத் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். விமானத்தில் விடுவார்களா என்று போன் செய்து விசாரித்தேன்.

"காத்த எதுல புடிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

கிளம்பும் அன்று மரத்திலிருந்து டப்பாவை அவிழ்த்து, தூசி தட்டி, பையில் பத்திரமாக வைத்தேன். இவ்வளவு நாள் வெயிலில் காய வைத்ததற்கு அதனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

கீழே இறங்கியதும் மச்சான் வீட்டில் விருந்து. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அப்பாவின் மளிகைக் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். மருமகள் உடம்பு தெரிந்தவன். இட்லி, சாம்பார், ரசம், எல்லாம் அரிசியும் பருப்பும்தான், வீட்டில் கோதுமையைப் பரணில் ஏற்றிவிட்டேன் என்றான். சாம்பார் தெரு முனை வரை மணத்தது. மறுநாள் மகளுக்கு வலி. மோரில் ஒரு சிட்டிகை கொடுத்தேன். சாயங்காலம் வலி அதிகம். இரண்டு சிட்டிகை கொடுத்தேன்.

என் ஆராய்ச்சிக்கு முத்திரை குத்தியாகிவிட்டது. மலையில் தேறினாள், சமவெளியில் விழுந்தாள். ஆகவே அம்மாவும் மகளும் வெள்ளிமலையில் அக்காவோடு. நான் மஸ்கட்டில். இதை மறுநாள் கடையில் வைத்து அறிவித்தேன். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடலை மிட்டாய் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

மச்சான் வழக்கம்போல என் பெட்டிக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் நான் போகும்போது மிளகு, புளி, மிளகாய்த்தூள், பெருங்காயம் எல்லாம் அவன் கடையிலிருந்துதான். சில்லறைச் சரக்கு, டப்பாவில் ஒரு எழுத்தும் இருக்காது. எழுத்து இருந்தால்தானே பூதக்கண்ணாடி வேண்டும்.

"தனியாத்தான் போறீங்கன்னாலும் காயம் எடுத்துக்கினு போங்க மாமா. ரசத்துக்கு ஆவும்."

"போடு."

ஒரு கட்டியை என் கையில் வைத்தான். "அமுக்கிப் பாருங்க. வெண்ணெயாட்டம் போவுதா? மத்த கடைல இன்னாத்தையோ கலக்கறானுங்க மாமா. கண்ட கண்ட மாவு. நம்ம சரக்கு அப்படி இல்ல. சுத்தமான கோதும மாவு. நம்பர் ஒன்."

நான் கட்டியை அமுக்கியபடியே நின்றேன்.

"இன்னா மாவு?"

"கோதும மாவு மாமா. வெறுங்காயத்த அப்படியே போட்டா நாக்கு வெந்துரும். மாவு சேத்தாதான் கட்டி. பாதிக்கு மேல மாவுதான்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"கோதும..." என்று ஆரம்பித்தவன், மருமகளைத் திரும்பிப் பார்த்தான். பாதியிலேயே குரல் இறங்கியது. கையிலிருந்த பொட்டல நூல் அப்படியே நின்றது.

நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஓமானியின் ஐஸ்கிரீமை உருக வைத்தேன். ஃபாதரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். மலைக்காரர் உரலை மோந்து பார்த்தேன். இதை மட்டும் வருடாவருடம் சுங்கச் சோதனை தாண்டி, கைப்பையில், நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனேன். பெருங்காயத்தை எங்களில் யாரும் சாப்பாடு என்று நினைத்ததே இல்லை. அது வாசனை. அது மருந்து.

மகள்தான் முதலில் பேசினாள். "பெரியம்மா வீட்ல இது இல்ல. மரத்துல தொங்குச்சு."

"ஆமாம்மா."

"எனக்கு வயிறு வலிச்சா நீ என்ன குடுப்ப?"

"மோர்."

"மோர்ல?"

மனைவி சொன்னாள். "வலி ஜாஸ்தியானா ரெண்டு சிட்டிக. நேத்துக்கூடக் குடுத்தாரு. இன்னும் ரெண்டு வருஷம் வுட்டிருந்தா கட்டியாவே குடுத்திருப்பாரு."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு வலிக்கிறதே என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை.

மச்சானுக்குத்தான் ரோஷம். "நான் இன்னா மாமா பண்ணுவேன். சாமியார்கிட்டகூட மாவு இன்னா மாவுன்னு கேட்டீங்களாம். சொந்த மச்சான ஒரு வார்த்த கேக்கல."

"உன்ன நம்பிட்டேன்டா."

"இனிமே நம்பாதீங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டில் மூடியைக் கடைசியாக ஒருமுறை இறுக்கி மூடினாள். "அப்ப நானும் வரேன்ல? மஸ்கட்டுக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. என் ஆராய்ச்சியில் நிற்பதற்கு ஒரு கால்கூட மிச்சமில்லை.

"வா," என்றேன். "அந்தத் தண்ணி கேனை என்ன பண்றது?"

"குடிங்க," என்றாள் மனைவி.

மூன்று பேரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். விமான நிலையத்தில் மகள் பையிலிருந்து அந்த மூன்று மொழி அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். தூதரக ஆள் யாரோ என்று நினைத்து ஒருவர் எனக்கு வழிவிட்டார்.

பரிசோதனையைச் சில மாதம் தள்ளி வைத்துக்கொண்டோம். அதற்குள் வார இறுதிகளில் அவள் படுக்கவில்லை. முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எண் நன்றாகவே இறங்கியிருந்தது. குழாய் வேண்டாம் என்றார். "எந்தா சாரே நிறுத்தியது?"

சாமையில் தொடங்கி உரல் வழியாக ஒரு நீண்ட பதில் வைத்திருந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பாவ."

போன வாரம் ஒரு காலையில் அவள் சாப்பாட்டு மேசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கால் தானாகவே சமையலறைப் பக்கம் திரும்பியது. அலமாரியில் டப்பா இருந்த இடம் காலி. மனைவி அங்கே உப்பு ஜாடியை வைத்திருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்து, மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மேத்ஸ் எக்ஸாம்ப்பா. வேற ஒன்னும் இல்ல," என்றாள்.

"சரி."

"மோர் வேணாம்."

"நான் கேக்கவே இல்லையே."

"உன் மூஞ்சி கேட்டுச்சு."