பாபாவின் துப்பாக்கிக்கு நான் வார்த்த ஈயம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது ஒரு மத்தியான வேளையில், ஆட்டுக்கொட்டகை நிழலில், கஹ்வா குடித்துக்கொண்டிருந்தபோது.

ஜித்தாவிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த மஸ்ராவில் அப்போது எனக்கு நான்காவது வருடம். மஸ்ரா என்றால் தோட்டம். பேரீச்சை மரங்கள், கொஞ்சம் புல், அறுபது எழுபது ஆடுகள், அத்தோடு நான். என் கஃபீல், அதாவது விசா கொடுத்து என்னை வேலைக்கு வைத்திருந்த முதலாளி, எழுபதைத் தாண்டிய கிழவர். நான் பாபா என்று கூப்பிடுவேன். அவர் என்னை சதீக் என்பார். சதீக் என்றால் நண்பன். அங்கே சம்பளத்துக்கு நிற்கிற எல்லோருமே நண்பன்தான்.

அன்று அவர் என் ஊரைப் பற்றிக் கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். ராமநாதபுரம் பக்கம், கடல் தொழில், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைக்கூட நாங்களே உருக்கி ஊற்றிக்கொள்வோம், அதில் என் கை நல்ல கை என்று பீற்றிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு குடியும் முழுகிப் போயிருக்காது.

அடுத்த வாரமே நாய்கள் வந்தன. நகரத்தில் வளர்த்து அலுத்தவர்கள் கொண்டுவந்து விட்டுப் போகிற நாய்கள், பாலைவனத்தில் கூட்டம் சேர்ந்து காட்டு நாயாகிவிடும். நான்கு நாளில் ஐந்து ஆடுகள் போயின. பாபா தன் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துவந்து சுட்டார். அது பறவைக்கான தோட்டா, உள்ளே சின்னச் சின்ன ஈய ரவைகள். நாய்கள் கத்திக்கொண்டு ஓடிவிட்டு மறுநாள் திரும்பி வந்தன. ஒற்றைக் குண்டு போட்ட தோட்டாவைக் கேட்டுக் கடைக்குப் போனார். உங்கள் லைசென்சுக்கு அது கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். நேரே என்னிடம் வந்தார். அரபியும் ஹிந்தியும் கலந்து அவர் பேசியதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"சதீக், நீ வலைக்கு ஈயம் ஊத்துறவன்தானே? துப்பாக்கிக்கும் அதே ஈயம்தான். ஆறு குண்டு ஊத்திக் குடு."

"பாபா, போலீஸ் வந்தா எனக்குத்தான் ஜெயில்."

"போலீஸ் மாஃபி. மஸ்ரா என்னோடது, துப்பாக்கியும் என்னோடது."

மாஃபி என்றால் இல்லை. ஊற்றப்போகிற கை என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. காரணம், எனக்கு லீவு வேண்டும்.

ஊரில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி ஒன்றரை வருடமாகிவிட்டது. இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் என்னால் தள்ளிப்போனது. "நீங்க பக்கத்துல இருந்தாத்தான் நான் போய்ப் படுப்பேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். மூன்றாவது தேதிக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. நான் நாட்டை விட்டுக் கிளம்ப பாபா ரீஎன்ட்ரி போட வேண்டும், அதாவது ஊருக்குப் போய்த் திரும்பி வர அனுமதி. இப்போதெல்லாம் அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், போனில் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அந்த ஒரு அமுக்குக்கு விலை வைத்தார்.

"குண்டு முடியட்டும். மறுநாளே ரீஎன்ட்ரி. கலாஸ்."

கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது. அன்று சாயங்காலமே மனைவிக்குப் போன் போட்டு, கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரோட்டோரப் பஞ்சர் கடைக்குப் போய், சக்கரம் ஆடாமலிருக்கக் கார் ரிம்மில் அடித்து, பிறகு கழற்றிப் போட்ட ஈயத்துண்டுகளை ஒரு டப்பா நிறைய வாங்கிவந்தேன். எதற்கு என்று கடைக்கார மலையாளி கேட்டார். மீன் பிடிக்க என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுற்றியிருந்த மணலைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பம்ப் ரூமுக்குப் பின்னால் அடுப்புக் கூட்டினேன். எப்படி அச்சு செய்தேன், எப்படி ஊற்றினேன் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. பெருமைப்படுகிற வேலையா அது! விடிந்ததிலிருந்து ஆட்டோடும் புல்லோடும் மல்லுக்கட்டிவிட்டு, அந்த வெயிலில் நெருப்பு முன்னால் குந்தியிருந்தால் இடுப்பு என்னத்துக்காகும்? ஈயப் புகை தொண்டையைக் கரித்தது. இரண்டு நாள் தலை கனத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் வலை ஈயத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கனமாக இருந்தால் வலை சீக்கிரம் அடியில் இறங்கும், அதனால் தாராளமாகவே ஊற்றுவோம். அதே பழக்கத்தில் அங்கேயும் தாராளமாக ஊற்றிவிட்டேன்.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் பாபா துப்பாக்கியோடு வந்தார். ஒரு குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். அப்போதுதான் அந்தத் துப்பாக்கியை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். எங்கும் துரு. கட்டையில் கம்பி சுற்றியிருந்தது. குழலின் வாயைப் பார்த்தேன், கையிலிருந்த குண்டைப் பார்த்தேன். வாய் குறுகலாகவும் குண்டு பெரிதாகவும் தெரிந்தது. குண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் குழல் வெடிக்கும், வெடித்தால் பாபாவின் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர் செத்துவிட்டால் என் ரீஎன்ட்ரியை யார் அமுக்குவார்கள் என்றுதான் தோன்றியது. அவர் கண், அவர் முகம், அவர் உயிர் எல்லாம் அதற்கு அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தன. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பாபா, சுட வேணாம். தோட்டா இல்லாம வெறும் குண்டு மட்டும் உள்ள போகுதான்னு பாப்போம்."

"நீ பயந்தாங்கொள்ளி," என்றார். ஆனாலும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லையென்று காட்டிவிட்டுக் கொடுத்தார். ஒரு குச்சியால் குண்டைத் தள்ளினேன். சல்லென்று போயிற்று. பார்த்தாயா என்கிற மாதிரி அவர் புருவத்தைத் தூக்கினார். வாய்ப் பக்கம் நாலு விரல்கடை இருக்கையில் குண்டு நின்றுவிட்டது. அழுத்தித் தள்ளினேன், இன்னும் இறுகியது. அந்தப் பக்கம் திருப்பித் தள்ளியும் அசையவில்லை.

"சுட்டிருந்தா உங்க மூஞ்சி போயிருக்கும் பாபா," என்றேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் சந்தோஷப்படுவார் என நினைத்தேன். அவர் குழலைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இது என் அப்பா கை பட்டது. இத்தனை வருஷம் இதுக்கு ஒண்ணும் ஆகல. நீ ஒரே நாள்ல கெடுத்துட்டே."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நானா கேட்டேன்? நீதானய்யா ஊத்தச் சொன்னே," என்று தமிழிலேயே கத்திவிட்டேன். வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரியுமே. துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ரீஎன்ட்ரி மாஃபி," என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் மஸ்ரா பக்கமே வரவில்லை. தீவன மூட்டையோடு அவர் மகன் வந்தான். "பாபா கோபமா இருக்கார், கொஞ்ச நாள் போகட்டும்," என்றான். கொட்டகையைச் சுற்றி உயரமான கம்பி வலை அடிக்க ஆள் கூட்டி வந்திருந்தான். ஒரே நாளில் வேலை முடிந்தது. நாய்கள் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டன. இதை முதலிலேயே செய்திருக்கலாம். சொல்ல நான் யார்?

மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் பத்து நாள் போனே பண்ணாமல் இருந்தேன். அவளும் பண்ணவில்லை. அதை நிம்மதி என்றுகூட எடுத்துக்கொண்டேன். தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, இனியும் மறைக்க முடியாது என்று கூப்பிட்டேன்.

"இந்தத் தடவையும் வர முடியலம்மா," என்றேன்.

"தெரியும்." குரல் ஒடிந்து கிடந்தது.

"என்ன, உடம்பு முடியலையா?"

"ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு ஆறாம் நாளு."

"என்ன சொல்ற? தேதிக்கு இன்னும் மூணு நாள் இருக்கே?"

"நீங்க கண்டிப்பா வர்றேன்னு சொன்னீங்கள்ல, மறுநாளே டாக்டரம்மாகிட்ட போய்த் தேதிய முன்னாடி மாத்திக்கிட்டேன். போன ரெண்டு தடவையும் நீங்க கண்டிப்பான்னுதான் சொன்னீங்க. இன்னொரு தடவ வழி பாத்துக்கிட்டுக் கெடக்க எனக்குத் தெம்பு இல்லங்க."

துப்பாக்கியைப் பற்றியும் பாபாவைப் பற்றியும் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"பேசுனா தையல் இழுக்குதுங்க," என்றாள். "வச்சிரட்டுங்களா?"

வைத்துவிடு என்றேன்.