பரோட்டா மாஸ்டரின் காலில் ஒரு ஊசி

ஊசி குத்திப் பிழைக்கிற தொழிலில் ஒரு சௌகரியம், வருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே போதுமான அளவு பயந்துவிட்டுத்தான் வருவார்கள். நாம் புதிதாக ஒன்றும் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு ஃபேன் ரிப்பேர் கடைக்கு மாடியில் என் அக்குபஞ்சர் கிளினிக். மூன்று கட்டில், நாலு நாற்காலி, உதவிக்குப் பத்மா. பத்மா தெலுங்குக்காரி, என்னிடம் சேர்ந்து ஆறு வருஷம், என் திட்டு அத்தனையும் தமிழிலேயே புரிந்துகொள்வாள். நான் செகந்திராபாத்திலேயே பிறந்த தமிழச்சி. "நான் டாக்டர் இல்லீங்க, அக்குபஞ்சர் படிச்சவ" என்று தொண்டை வற்றச் சொல்லியும் எல்லாருக்கும் டாக்டரம்மாதான். கழுத்தையோ இடுப்பையோ முழங்காலையோ பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற புண்ணியவான்களே, முதல்முறை ஊசிக்குப் போகுமுன் இந்தக் கூத்தையெல்லாம் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வலி மேலே, ஊசி கீழே

செல்வம், ஜீடிமெட்லாவில் ஒரு தமிழ் மெஸ்ஸில் பரோட்டா மாஸ்டர். விருதுநகர்ப் பக்கம். மருந்துக் கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்து வரும் நம் ஊர்ப் பையன்கள் அவர் பரோட்டாவுக்காகவே ஹைதராபாத்தில் காலம் தள்ளுகிறார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. எலும்பு டாக்டர் தோளை அசைத்துப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். வலிக்குப் பயந்து இவர் கையைத் தூளியில் போட்ட குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். மெஸ் முதலாளி அண்ணாச்சி மூன்று வாரம் கெடு கொடுத்துவிட்டார். அதற்குள் கை சரியாகாவிட்டால் மதுரையிலிருந்து வேறு மாஸ்டர். "மாவு வீச முடியாத மாஸ்டருக்கு இந்த ஊருல என்னக்கா வேலை? ரெண்டு பொம்பளப் பிள்ளைக ஊருல படிக்குது" என்றபோது அவர் குரல் உடைந்தது.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டேன் மாஸ்டர், முயற்சி பண்ணுவோம்" என்றேன். நாற்காலியில் உட்காரவைத்து, பேன்ட்டை மடித்துவிட்டு, அவர் கண்ணெதிரே புது ஊசிப் பாக்கெட்டைப் பிரித்தேன். தலைமுடி கனம்தான் இருக்கும் ஊசி. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கச் சதையில் ஒன்று போட்டேன்; எங்கள் படிப்பில் தோளுக்கான புள்ளி அங்கேதான். "இது உள்ளே இருக்கும்போதே தோளை மெதுவா அசைக்கணும். டாக்டர் சொன்ன பயிற்சியை வீட்டிலயும் செய்யணும்" என்றேன். மாஸ்டர் தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகத் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க நல்லாத்தான் படிச்சிருப்பீங்க டாக்டரக்கா. ஆனா தோளு இங்கன இருக்கு."

எந்த வயிறு?

மாஸ்டர் இரண்டாம் தடவை வந்த அன்றைக்கு, பக்கத்துக் கட்டிலில் கார்த்திக் என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன். கம்ப்யூட்டர் வேலை, கழுத்து வலி. இரண்டு ஊசி போட்டிருப்பேன், முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ஊசியை எல்லாம் உருவிவிட்டு, காலை உயர்த்தி வைத்து, "என்னப்பா சாப்பிட்டே?" என்று கேட்டால், முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்ட தோசைதானாம்! ஊசி என்றாலே வெறும் வயிற்றில்தான் போகவேண்டும் என்று பயல் தானாகவே முடிவுகட்டி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பசியோடு வந்து படுத்தால் மயக்கம் வராமல் என்ன வரும்? வரும்முன் லேசாக ஏதாவது சாப்பிடுங்கள், சாமி!

பத்மா கீழே ஓடிப்போய் இரானி டீயும் பிஸ்கட்டும் வாங்கிவந்தாள். நாலு பிஸ்கட் உள்ளே போனதும் பையனுக்கு உயிர் வந்தது, கூடவே வாயும் வந்தது.

"சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறுங்கறீங்க, ஸ்கேனுக்குத் தண்ணி குடிச்ச வயிறுங்கறீங்க. இதுக்கு எந்த வயிறுன்னு ஒரு போர்டுல எழுதிப் போட்ருங்கக்கா!"

மாத்திரைக்காரரின் மாத்திரை

மறுநாள் வந்தவர் மாத்திரை செய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இடுப்பு வலி. வழக்கம்போல, ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். இதையெல்லாம் கேட்காமல் ஊசியை எடுக்கிறவரிடம் படுக்காதீர்கள். மனுஷர் சிரித்துக்கொண்டே, "பிரஷர் மாத்திரையை முந்தாநாளே நிறுத்திட்டேன் மேடம். அதான் ஊசிக்கு வந்துட்டேனே!" என்றார். என்னவோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அழுத்தம் பார்த்தேன். எனக்கே தலை சுற்றியது. "ஊசியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. உங்க டாக்டரைப் பாருங்க, இப்பவே. அவர் சொல்லாம ஒரு மாத்திரையை நிறுத்தினாலும் இந்தப் படி ஏறக்கூடாது" என்று சத்தம் போட்டதில் கீழே ஃபேன் ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்தார். சூப்பர்வைசர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் டாக்டர் சீட்டோடும் மாத்திரை அட்டையோடும் வந்து நின்றார்.

"இருபது வருஷமா மாத்திரை செய்யறேன். மாத்திரையைச் சாப்பிடுன்னு சண்டை போட்ட ஊசிக்காரங்க நீங்க ஒருத்தர்தான் மேடம்."

இன்னும் நாலு போடட்டும்

இரண்டாம் வாரக் கடைசியில் மாஸ்டரின் கை நெஞ்சைத் தாண்டிவிட்டது. ஆனால் காலில் ஊசியோடு உட்கார்ந்து தோளைச் சும்மா சுற்றுவது அவருக்குப் போரடித்தது. கை கழுவுகிற இடத்திலிருந்து ஒரு ஈரத் துண்டை எடுத்துக்கொண்டார். முனையைப் பிடித்து, லேசாக உதறி, மேஜையில் தட்டி, திருப்பி, மறுபடி உதறி... அட, பரோட்டா! வலித்தால் நிறுத்தவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நானும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டேன்.

எதிர்க் கட்டிலில் கிரேஸ் ஆன்ட்டி, செகந்திராபாத்தில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். முழங்கால் வலிக்கு அன்றுதான் முதல்முறை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். ஆமென் சொல்லிவிட்டு, ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டு, "ஹவ், இப்ப குத்தும்மா, தைரியமா இருக்கேன்" என்றார். குத்தி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஏதோ எறும்பு ஊர்ந்ததாக நினைத்தாராம்! கண்ணைத் திறந்தவர் பார்வை ஈரத் துண்டில் போய் ஒட்டிக்கொண்டது. இருபது நிமிஷம் கழித்து டைமர் மணி அடித்ததும் ஊசிகளை எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"நக்கோம்மா, இப்ப எடுக்காதே. மாஸ்டர் இன்னும் நாலு பரோட்டா போடட்டும்."

அண்ணாச்சி வந்தார்

மூன்றாம் வாரம் சனிக்கிழமை. படியில் கனத்த செருப்புச் சத்தம். வெள்ளை வேட்டி, கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. "நாந்தான் மெஸ் அண்ணாச்சி" என்று உட்கார்ந்தார். மதுரைக்காரருக்கு ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்று என்னிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். நாற்காலியில் ஊசியோடு இருந்த மாஸ்டருக்கு அது நன்றாகவே கேட்டது. ஈரத் துண்டு அப்படியே மடியில் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "முழுசாச் சரியாகலை அண்ணாச்சி. தலைக்கு மேல தூக்க இன்னும் நாளாகும். ஆனா முன்னைக்கு எவ்வளவோ தேவலை" என்று உள்ளதைச் சொன்னேன்.

அண்ணாச்சி தூக்கைத் திறந்தார். உள்ளே எண்ணெய் மினுங்க நாலு மாவு உருண்டை! "துணிய வீசுறதுக்கு ஆயிரம் பேரு இருக்காம்லே. மாவ வீசு, பாப்போம்" என்றார். நான் மறுப்பதற்குள் பத்மா என் மேஜையைத் துடைத்து, புது பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டாள், ராட்சசி.

மாஸ்டர் காலை அசைக்காமல் மேஜைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முதல் உருண்டை கிழிந்தது. இரண்டாவதைத் தட்டினார், விரித்தார், இடது கையால் தூக்கி வலது கையால் ஒரு இழு. முகம் சுளித்தார், ஆனால் கை நிற்கவில்லை. மாவு காற்றில் புடைத்து எழுந்து, மேஜை முழுக்கப் பரவி விழுந்தது. அடியில் இருந்த விரிப்பின் பூப்போட்ட டிசைன் பளிச்சென்று தெரிந்தது. பத்மா விசிலே அடித்துவிட்டாள். மாஸ்டர் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சலில் இன்னும் அதிகமாக அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? எண்ணெய்கூட இல்லாமலே அழுதேன்.

அண்ணாச்சி மாவை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செல்போனை எடுத்து, "ஏய், மதுரைக்காரன் ரயில் ஏறவேண்டாம்னு சொல்லிரு" என்றார். பிறகு மாஸ்டரின் காலை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுப்புல நிக்கும்போதும் இது வேணும்லா? கடைக்கு ஒரு பத்து ஊசி பார்சல் கட்டிக் குடுத்துருங்க டாக்டரம்மா."

ஊசி பார்சல் போகவில்லை, ஆனால் அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் மெஸ்ஸிலிருந்து சால்னாவோடு பரோட்டா பார்சல் வருவதால், இந்தக் கிளினிக்கில் யாருக்கு வலி குறைந்ததோ இல்லையோ, என்னையும் பத்மாவையும் சேர்த்து எல்லாருக்கும் இடுப்புச் சுற்றளவு மட்டும் கூடிக்கொண்டே வருகிறது.